நீலம் விழுந்த நிலம்

"யாரைக் கேட்டு அளக்குதீய?"

ஈரத் தாளில் நீலம் பரவிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் தாளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. நான் எடுத்துவிட்டேன்.

எதிரே, ஒரு ஆட்டுக் கூட்டத்துக்கு முன்னால், கையில் தழை பறிக்கும் தொரட்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஆடி மாதத்துக் காற்று அவள் சேலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. என்னையே பார்த்தாள்.

"அளக்கலைம்மா. படம் வரையுதேன்."

அவள் பார்வை முதலில் என் ஸ்கூட்டருக்குப் போயிற்று. பிறகு மடியில் இருந்த பரீட்சை அட்டைக்கு, அதில் டேப் போட்டு ஒட்டியிருந்த தாளுக்கு, கலங்கிய தண்ணீர் இருந்த ஊறுகாய் பாட்டிலுக்கு.

"படம்னா மரம் எங்க? அந்தா நிக்கே வேம்பு, அதைக் காணோம். என் கிணறு கிடக்கு, அதையும் காணோம். வெறும் கலரா தடவி வச்சிருக்கீய."

"இது அப்படித்தான். மேல வானம், கீழ மண்ணு, நடுவுல ஒரு கோடு. அவ்வளவுதான்."

"அவ்வளவுக்கா இந்தக் காத்துல இம்புட்டுத் தூரம் வந்தீய?"

குருவிகுளம் சாலையிலிருந்து பிரியும் ஒரு வண்டிப்பாதையில், சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் உழுது போட்ட கரிசல். தூரத்தில் காற்றாலைகள். வானம் முழுவதும் புழுதி ஏறிச் செங்கல் நிறமாக இருந்தது. அந்த நிறத்துக்காகத்தான் வந்தேன் என்றால் அவள் நம்புவாளா? நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவள் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள். எதிரே நின்றபடியே என் மடியில் இருந்த படத்தைப் போட்டோ எடுத்தாள்.

"எதுக்கும் இருக்கட்டும்," என்றாள்.

நான் பிரஷ்ஷைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தேன். ஸ்கூட்டர் தார்ச் சாலையில் ஏறும் வரைக்கும் அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

கறுப்பு வெள்ளைத் தொழில்

என் ஜெராக்ஸ் கடையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: சங்கரன்கோவிலில் பத்திர ஆபீஸ் இருக்கும் தெருவில், ஒரு டீக்கடைக்கும் பத்திரம் எழுதுபவரின் அறைக்கும் நடுவில் என் கடை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரிண்டர்.

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம். எல்லாம் என் மெஷினின் கண்ணாடிமேல் படுத்து எழுந்துதான் ஆபீஸுக்குள் போகும். அதனால் என் கடைக்கு வருகிறவர்கள் யாரும் சும்மா நிற்பதில்லை. நான் தாளைத் திருப்பும்போது அவர்கள் கழுத்தும் திரும்பும். கறுப்பாக விழுந்து கெட்டுப்போன காப்பியைக் கூட விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். "அதையும் குடுங்க" என்று வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். அண்ணன் வந்தால் தம்பி வருவதற்குள் போய்விட வேண்டும் என்பார். தம்பி வந்து, "எங்க அண்ணாச்சி இங்கன வந்தாவளா?" என்று கேட்பார்.

எனக்கும் அந்தச் சந்தேக புத்தி ஒட்டிக்கொண்டது. பேனா கேட்பவர்களிடம் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் பேனாவைக் கொடுப்பேன்.

ஒரு நாள் மெஷின் பழுதாகி, சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருந்தபோது போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. யாரோ ஒரு பெண்ணின் கைகள் மட்டும். தாளை முழுக்கத் தண்ணீரால் நனைத்தாள். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு இழுத்தாள், அது தானாகவே புகைந்து தூரத்து மரவரிசை ஆயிற்று. அவள் மரம் வரையவில்லை. ஆனால் மரம் இருந்தது.

அதை எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. நாள் முழுவதும் ஒன்றை அச்சு மாறாமல் இன்னொன்றாக எடுத்துக் கொடுப்பவள் நான். ஒரு எழுத்து மங்கினாலும் சண்டைக்கு வருவார்கள். இங்கே ஒருத்தி நிறத்தை அதன் போக்கில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள்!

திருநெல்வேலிக்குப் போனபோது ஒரு பெட்டி வாட்டர்கலரும், சொரசொரப்பான கனத்த தாளும் வாங்கி வந்தேன்.

"வானம் எங்கட்டி இருக்கு?"

என் வீட்டுக்காரர் விசைத்தறிக் கூடத்தில் மெக்கானிக். ஒரு நூல் பிசகினால் தறியை நிறுத்திவிடுகிறவர். என் முதல் படத்தைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"மழையில நனைஞ்ச பேப்பரா கோமதி?"

"நான் வரைஞ்சது. வயக்காடும் வானமும்."

"வானம் எங்கட்டி இருக்கு இதுல?"

காட்டினேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது, "தனியா எங்க போற? நிசமாவே படந்தானா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார். ஒரு முறை என் பின்னாலேயே மேலநீலிதநல்லூர் வரைக்கும் வந்து, நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து வானத்துக்கு நீலம் தடவிக்கொண்டிருப்பதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

இந்தக் காட்டில் படம் வரைவதற்கு இரண்டு நிறம் போதும். செங்கல் நிறம் ஒன்று, நீலம் ஒன்று. இரண்டையும் குழைத்தால் கரிசல் வந்துவிடும். கரிசல் கறுப்பு என்று சொல்வோம். வெயில் சாய்ந்த பிறகு பாருங்கள், அதில் நீலம் இருக்கும். அன்றைக்கு அந்தப் பெண் வந்து நின்றபோது நான் அந்த நீலத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். பேச்சில் கவனம் போனதால் அது ஒரு பக்கமாக ஓடி, பெரிய திட்டாகத் தேங்கிவிட்டது. படம் கெட்டுவிட்டது என்று வீட்டில் மேசைக்கு அடியில் போட்டுவிட்டேன்.

கலரில் இரண்டு காப்பி

கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்து ஊர் பழைய நிலைக்கு வந்திருந்தது. ஒரு காலை, நிலத் தரகர் ஒருவர் கடைக்கு வந்தார். பெயர் வேண்டாம். அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் பாதி வேலை அவர் மூலம்தான் நடக்கும். என் கடைக்கும் அப்படியே.

"கோமதியம்மா, ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன். கலர்ல ரெண்டு காப்பி போடுங்க."

கம்ப்யூட்டரில் திறந்தேன். மேலே நீலமாக ஒரு திட்டு. கீழே செங்கல் நிறம். நடுவில் கறுப்பாக ஒரு கோடு. ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஓரத்தில் தெரிந்த டேப்பையும் பரீட்சை அட்டையின் கிளிப்பையும் பார்த்தேன். அது என் படம். எதிரே நின்று எடுத்ததால் தலைகீழாக இருந்தது.

"இது என்னது அண்ணாச்சி?" என்றேன். குரல் மாறாமல் பார்த்துக்கொண்டேன்.

"சோலார் கம்பெனி மேப்பு. யாருக்கும் குடுக்க மாட்டாங்க. அளக்க வந்த பொம்பளைகிட்ட இருந்து ஒருத்தி போட்டோ புடிச்சு ஊரு குரூப்புல போட்டுட்டா. நம்ம அதிர்ஷ்டம்." திரையில் விரலை வைத்தார். "இந்த நீலம் இருக்குல்லா, இது பூரா பிளேட்டு வைக்கிற இடம். இந்தக் கறுப்பு, ரோடு."

அவர் முகத்தையே பார்த்தேன். தெரிந்துகொண்டு என்னைச் சோதிக்கிறாரா? இல்லை, நிஜமாகவே நம்புகிறாரா? எனக்குப் பிடிபடவில்லை.

"கலர் மை தீந்து போச்சு அண்ணாச்சி."

"நேத்துத்தானே மாத்துனீய?"

"அடைச்சுக்கிட்டு."

அவர் பிரிண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி" என்று பக்கத்துத் தெருக் கடைக்குப் போனார்.

ஆதார் அட்டையில் ஒரு முகம்

நான்கைந்து நாள் கழித்து அண்ணாச்சி மறுபடி வந்தார். கிரயப் பத்திரத்துக்கான காகிதங்கள். பட்டா, மூலப்பத்திரம், ஆதார் அட்டை. ஆதாரைக் கண்ணாடிமேல் கவிழ்க்கும்போதுதான் பார்த்தேன். தொரட்டியோடு நின்ற அதே பெண். மாரித்தாய் என்று பெயர்.

"இந்த நிலம் எங்கன இருக்கு அண்ணாச்சி?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"நம்ம மேப்புல நீலத்துக்குள்ள வருதுல்லா, அதுதான். கம்பெனி வந்தா சல்லிசா எடுத்துக்கிடும்னு எடுத்துச் சொன்னேன். அதுக்கு முன்ன நம்ம பார்ட்டி வாங்கிக்கிடுதாங்க. புருசன்காரன் கேரளாவுல ஓட்டல்ல பரோட்டா போடுதான். போன்லயே வித்துருன்னு சொல்லிட்டான். வர்ற முகூர்த்தத்துக்கு ரிஜிஸ்டர்."

காப்பிகளை அடுக்கிக் கொடுத்தேன். ரிஜிஸ்டர் அன்றைக்கு வாங்கிக்கொள்வதாக ஒரு செட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

என் கையிலிருந்து வழிந்த ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடிய இடத்தை வைத்து ஒருத்தி தன் நிலத்தை விற்கப் போகிறாள். அந்தக் கிணறு அந்தப் படத்தில் இல்லவே இல்லை. அதைத்தானே அவள் என்னிடம் கேட்டாள்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"கடைக்கு வர்ற காகிதத்தைப் பத்தி வெளிய பேசுனேன்னு வையி, மக்காநாள் ஒருத்தன் வாசப்படி மிதிக்க மாட்டான். நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தத் தெருவில் என் பிழைப்பே வாயைத் திறக்காமல் இருப்பதில்தான். இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மேசைக்கு அடியில் கிடந்த படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிணற்றுத் தண்ணீர்

ஆதாரில் பார்த்த விலாசத்தை வைத்து விசாரித்துப் போனேன். மாரித்தாயின் வீடு ஊர்க் கடைசியில், ஆட்டுக் கொட்டடியை ஒட்டி இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் இறுகிவிட்டது. படத்தை எடுத்துக் காட்டியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"அசல் மேப்பையே கொண்டாந்துட்டா," என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி என்னை உற்றுப் பார்த்தாள். "இவிய பத்திர ஆபீஸ் முன்னால ஜெராக்ஸ் கடை வச்சிருக்கவியல்லா?"

அவ்வளவுதான். மாரித்தாய் எழுந்துவிட்டாள். "அப்போ அந்தாளு அனுப்பித்தான் வந்திருக்கீய. விலையை இன்னும் குறைக்கவா?"

"இது மேப்பு இல்ல. நான் சும்மா வரைஞ்ச படம். இதை நம்பி நிலத்தைக் குடுத்துராத, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சும்மா எவளாச்சும் வரைவாளா?"

"நான் வரையுதேன்."

"எதுக்கு?"

மறுபடியும் அதே கேள்வி. பையிலிருந்து பரீட்சை அட்டையையும் புதுத் தாளையும் எடுத்தேன். "இரு, கண்ணு முன்னாலயே வரைஞ்சு காட்டுதேன்."

தாளை நனைத்து, நீலம் வைத்து, அட்டையைச் சாய்த்தேன். நீலம் இடப்பக்கம் ஓடியது. மறுபக்கம் சாய்த்தேன். வலப்பக்கம் போயிற்று. "பாரு, இதுல எது உன் நிலம்? எது பக்கத்து நிலம்? தண்ணி போற வழியில கலர் போவுது, அவ்வளவுதான்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரித்தாய் மட்டும் என் பாட்டிலைப் பார்த்தாள்.

"அந்தத் தண்ணியில என்னமும் கலந்திருப்பீய."

நான் பாட்டிலைத் தரையில் கவிழ்த்தேன். அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். அதற்கும் சமாதானம் ஆகாமல், "குச்சியை இங்க குடுங்க" என்று பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள். இன்னொரு தாளைக் கொடுத்தேன். எல்லாத் தாளையும் விரித்துப் பார்த்து அடியிலிருந்து ஒன்றை அவளே உருவிக்கொண்டாள்.

அவள் பிரஷ்ஷைச் சொம்பில் முக்கினாள். தாளை நனைத்தாள். நீலத்தைத் தொட்டு வைத்தாள். அது விரிந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பிறகு செங்கல் நிறத்தைக் கீழே வைத்தாள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டு, ஓரத்தில் கரிசல் நிறம் தானாக வந்தது.

"ஏட்டி, நம்ம காடு கணக்கா இருக்கு," என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

மாரித்தாய் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "நீங்க போங்க" என்றாள்.

"ரிஜிஸ்டர் பண்ணாதன்னு..."

"அதை நான் பாத்துக்கிடுதேன். போங்க."

அந்தத் தாள் ஈரம் காயாமல் அவள் மடியிலேயே இருந்தது. அவள் என்னை நம்பினாளா இல்லையா என்று திரும்பி வரும் வழி முழுவதும் யோசித்தேன். நம்பவில்லை என்றுதான் தோன்றியது.

புது மேப்பு

முகூர்த்த நாளில் எங்கள் தெருவில் நிற்க இடம் இருக்காது. அண்ணாச்சி காலையிலேயே வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மாரித்தாய் வந்தாள். நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து. என்னை முன்பின் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

விற்கத்தான் வந்திருக்கிறாள்.

"வா தாயி. டோக்கன் போட்டாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்புட்டுருவாங்க."

"வாரேன் அண்ணாச்சி. அதுக்கு முன்ன ஒரு சந்தேகம்." அவள் கையிலிருந்த துணிப்பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசைமேல் விரித்தாள். "நேத்து கம்பெனிக்காரி மறுபடி வந்தா. புது மேப்பாம். தெரியாம ஒண்ணை எடுத்து வச்சுக்கிட்டேன். நிலம் இதுலயும் மாட்டுதான்னு பாத்துச் சொல்லுங்க."

நான் மெஷினில் தாள் அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிதானமாக, நன்றாகப் பார்த்தார்.

"ஆமா, இதுதான் பைனல் மேப்பு. ஆபீஸ்ல நான் பாத்திருக்கேன். முந்துனதை விட மோசம் தாயி. பாரு, இந்த நீலம் உன் கிணத்தோட சேத்து அடிக்கி. இந்தச் செவப்பு பக்கத்து ஊரு நிலம். நல்லவேளை, இன்னைக்கே முடிக்கோம்."

"என் கிணறு எங்கன?"

"இந்தா." நீலத்தின் நடுவில் விரலை வைத்தார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நான் எத்தனை மேப்பு பாத்தவன்? இதேதான்."

மாரித்தாய் தாளை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"இந்த நீலம் நான் தடவுனது அண்ணாச்சி. எங்க வீட்டு வாசல்ல உக்காந்து, என் கிணத்துத் தண்ணியில."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையிலிருந்து கூட இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார். அது வரவில்லை.

"சும்மா வெளையாடாத தாயி. டோக்கனு..."

"என் பட்டாவைக் குடுங்க."

"ஆபீஸுக்குள்ள..."

"உங்க பையில இருக்கு. பாத்துட்டேன். குடுங்க."

கொடுத்தார். அவள் மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு நீங்க எடுத்த காப்பி எல்லாத்தையும் குடுங்க. கெட்டுப்போனதும் இருந்தா அதையும் குடுங்க."

கொடுத்தேன்.

அதன் பிறகு

நான் மாரித்தாயின் ஊருக்குப் போனது எப்படியோ தெரிந்து, அண்ணாச்சி என் கடையை விட்டுவிட்டார். "அந்தக் கடையில குடுக்குற காகிதம் ஊருக்குப் போவுது" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதால் நானும் மறுக்கவில்லை. சில மாதம் மெஷின் ஓய்வாகவே கிடந்தது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்தார்கள். முன்பைவிடக் கூர்மையாக என் கையைப் பார்க்கிறார்கள்.

சோலார் கம்பெனி அந்தப் பக்கம் வரும் என்கிறார்கள், வராது என்கிறார்கள். எனக்குத் தெரியாது.

புரட்டாசி விதைப்பு முடிந்து, உளுந்து முளைத்து நின்றபோது, அந்தப் பச்சைக்காகத் துணிந்து அதே வண்டிப்பாதைக்குப் போனேன். பாலத்தில் உட்கார்ந்து தாளை நனைக்கக்கூட இல்லை, அதற்குள் மாரித்தாய் ஆடுகளோடு வந்துவிட்டாள். இந்த முறை எதிரே நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நான் முடிக்கும் வரைக்கும் பேசாமல் பார்த்தாள். ஒரே ஒரு தடவை, "பச்சை இன்னும் கொஞ்சம் வெளுக்கணும், இப்பத்தானே முளைச்சிருக்கு" என்றாள். தண்ணீர் சேர்த்தேன். சரியாக வந்தது.

படம் காய்ந்ததும் டேப்பை உரித்தேன். அவள் கையை நீட்டினாள். பார்ப்பதற்குத்தான் கேட்கிறாள் என்று கொடுத்தேன். சேலை முந்தானையால் ஓரத்தைத் துடைத்துவிட்டு, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மாரித்தாயி, அது நான் வீட்டுக்குக் கொண்டு போகணும்."

"எக்கா, நீங்க நல்லவியதான். அது இப்ப எனக்குத் தெரியும். ஆனா இந்தப் படம் போற இடம் நல்ல இடமான்னு எனக்கு எப்படித் தெரியும்? எத்தனை வேணாலும் வந்து வரைங்க. ஆனா எங்க காட்டை வரைஞ்சா அது இங்கனதான் இருக்கணும்."

ஒப்புக்கொண்டேன். வேறு என்ன செய்ய? இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு தடவையாவது போகிறேன். என் கையில் ஓரளவு நல்லதாக வந்த படங்கள் எல்லாம் அவள் வீட்டில் இருக்கின்றன. எங்கே வைத்திருக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"பட்டாவோட," என்றாள்.